மின்கம்பம் இல்லாத 11,400 ஏக்கர்... அரிசோனா பாலைவனத்தில் ஒரு குளிர்காலக் கிடை!

ஜனவரி மாதம், காலை 8 மணி. சூரியன் இப்போதுதான் மலைக்கு மேலே வந்திருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சரளைக்கல் பூமி. ஆங்காங்கே கள்ளி, கருவேலம் போன்ற முள்மரங்கள். அவற்றுக்கு நடுவே, கிடை போட்ட ஆடுகளைப்போல வெள்ளை வெள்ளையாக வண்டிகள் நிற்கின்றன. எதுவும் சரக்கு வண்டி இல்லை. எல்லாம் வீடுகள். சினிமா படப்பிடிப்புகளில் நடிகர்களுக்காக நிற்குமே கேரவன், அந்த ரகம். உள்ளே படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு.

ஒரு வண்டியின் கூரையில் பெரியவர் ஒருவர் ஏறி, ராத்திரி படிந்த தூசியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வண்டியில் ஒரு மூதாட்டி, கதவோரம் இருக்கும் சிறிய திரையைப் பார்க்கிறார். 58 சதவிகிதம். ராத்திரி குளிர் அதிகம். அதனால், கொஞ்சம் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது.

நம் ஊரில் விடிந்ததும் கிணற்றை எட்டிப்பார்த்து, எத்தனை படி தண்ணீர் ஊறியிருக்கிறது என்று பார்ப்போம். அந்த மூதாட்டி பார்ப்பதும் அதுதான். கிணற்றுக்குப் பதில் பேட்டரி. ஒரே ஒரு வித்தியாசம். நம் கிணறு ராத்திரியில் ஊறும், பகலில் இறைக்கும். அந்தக் கிணறு பகலில் ஊறும், ராத்திரியில் இறைக்கும்.

வலசை வரும் மனிதர்கள்

அந்த ஊரின் பெயர் குவார்ட்ஸைட். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிஃபோர்னியா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் கொலராடோ ஆறு. கிழக்கு மேற்காகப் போகும் 10-ம் எண் தேசிய நெடுஞ்சாலையும், வடக்கு தெற்காகப் போகும் 95-ம் எண் சாலையும் சந்திக்கும் இடம். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஜூலை மாதத்தில் பகல் வெப்பம் சராசரியாக 42 டிகிரி. அப்போது தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது.

குளிர்காலம் வந்தால் கதையே மாறிவிடும். வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வருவதுபோல, கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலிருந்தும் வண்டி வண்டியாக மனிதர்கள் வந்து இறங்குகிறார்கள். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்கு அந்த நாட்டில் 'பனிப்பறவைகள்' என்றே பெயர். சொந்த ஊரில் பனி கொட்டும் காலத்தில், இங்கே பகலில் 19 டிகிரி இதமான வெயில் அடிக்கும். ராத்திரியில் 4, 5 டிகிரிக்கு இறங்கும்.

ஊருக்குத் தெற்கே 'லா போசா' என்ற பகுதி. மத்திய அரசுக்குச் சொந்தமான சுமார் 11,400 ஏக்கர் பாலை நிலம். இதைப்போன்ற இடங்களில் நீண்டநாள் தங்குவதற்கான திட்டத்தை 1983-ம் ஆண்டு அந்நாட்டு நில நிர்வாகத் துறை தொடங்கியது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, ஏழு மாதங்கள் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். முழுப் பருவத்துக்கும் 180 டாலர் என்பதுதான் பல ஆண்டுகளாக இருந்துவந்த கட்டணம். குடிதண்ணீர் பிடிக்கவும், கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்யவும், குப்பை போடவும் பொது இடம் உண்டு. ஆனால், வண்டிக்கு வண்டி மின் இணைப்பு கிடையாது. கரன்ட் வேண்டுமா? அவரவரே தயாரித்துக்கொள்ள வேண்டியதுதான். ஊரைச் சுற்றியுள்ள வேறு சில அரசு நிலங்களில் கட்டணமே இல்லை. ஆனால், 14 நாள்களுக்கு மேல் தங்க முடியாது.

இந்த மண்ணுக்கு வெளியாள் வருவது புதிதல்ல. 1850-களில் அமெரிக்க ராணுவம், பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களை வரவழைத்தது. அவற்றை மேய்க்க, கடல் கடந்து ஹாஜி அலி என்பவர் வந்தார். உள்ளூர்க்காரர்கள் வாயில் அந்தப் பெயர் 'ஹை ஜாலி' ஆகிவிட்டது. ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்ட பிறகும் அவர் திரும்பவில்லை. 1902-ம் ஆண்டு இங்கேயே இறந்துபோனார். கற்களால் பிரமிடுபோலக் கட்டி, உச்சியில் ஒட்டக உருவம் வைத்த அவர் சமாதியை இன்றும் பார்க்கலாம். தண்ணீர் இல்லாத நாட்டில், உள்ளதை உடம்பில் சேமித்துக்கொண்டு நடக்கும் பிராணி ஒட்டகம். இப்போது வரும் வண்டிகளும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

உல்லாசம் மட்டுமல்ல!

வருகிறவர்கள் எல்லோரும் வசதிக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பஸ் அளவுக்குப் பெரிய சொகுசு வண்டிகள் ஒரு பக்கம் நிற்கும். பழைய வேனுக்குள் மெத்தையைப் போட்டுக்கொண்டு வாழ்பவர்கள் மறுபக்கம். வீட்டு வாடகைக்கும் வரிக்கும் ஈடுகொடுக்க முடியாமல், மாதாமாதம் வரும் ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வண்டியையே வீடாக்கிக்கொண்டவர்கள் ஏராளம். இவர்களின் வாழ்க்கையைச் சொல்லும் 'நோமேட்லேண்ட்' திரைப்படத்தின் சில காட்சிகள் இந்தப் பகுதியில்தான் எடுக்கப்பட்டன. 2021-ம் ஆண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

இப்படிப்பட்டவர்களுக்கு சோலார் என்பது பொழுதுபோக்குச் சாமான் அல்ல. தூக்கத்தில் மூச்சுத்திணறல் உள்ளவர்கள், ராத்திரி முழுக்க முகத்தில் காற்றுக் கருவியை மாட்டிக்கொண்டுதான் படுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் கெடாமல் இருக்க ஃபிரிட்ஜ் ஓட வேண்டும். வண்டியைச் சூடாக்கும் ஹீட்டர் எரிவது கேஸில்தான் என்றாலும், சூட்டைப் பரப்பும் மின்விசிறி பேட்டரியில்தான் சுற்றும். விடியற்காலை 3 மணிக்கு பேட்டரி தீர்ந்தால், சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் ஹீட்டர் நின்றுவிடும். குளிருக்குப் பயந்து மூடிய வண்டிக்குள் கேஸ் அடுப்பைப் பற்றவைத்தால், கார்பன் மோனாக்சைடு வாயு உயிரையே எடுத்துவிடும். அதனால்தான் அந்த மூதாட்டி, காபி போடுவதற்கு முன்பே திரையைப் பார்க்கிறார்.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். பெட்ரோல் செலவு ஒருபக்கம். சத்தம் மறுபக்கம். இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை அதை ஓட்டக் கூடாது என்பது விதி. தேவை அதிகமாக இருக்கும் ராத்திரி நேரத்தில்தான் அது உதவாது.

முதலில் செலவு... பிறகுதான் பேனல்!

புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, 'எத்தனை பேனல் வாங்கலாம்?' என்று தொடங்குவது. பழகியவர்கள், 'ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகும்?' என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்று தெரியாமல் யாராவது மோட்டார் வாங்குவார்களா?

இரண்டு பேர் தங்கும் ஒரு வண்டியின் ஒருநாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எல்.இ.டி விளக்குகள் 100 வாட்-ஹவர். நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் சிறிய ஃபிரிட்ஜ் 600. சுமார் 90 வாட் இழுக்கும் ஹீட்டர் மின்விசிறி, ராத்திரியில் விட்டுவிட்டு 5 மணி நேரம் ஓடினால் 450. செல்போன், லேப்டாப் 250. மூச்சுக் கருவி 300. டி.வி, சிறு மின்விசிறி 150. தண்ணீர் பம்ப் 30. இன்வெர்ட்டர் விழுங்குவது 100. மொத்தம் 1,980. ஆக, ஒரு நாளைக்கு 2 யூனிட்.

இதில் ஏ.சி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டிக் கூரையில் இருக்கும் ஏ.சி ஓடும்போது சுமார் 1,400 வாட் இழுக்கும். அது ஒன்றரை மணி நேரம் ஓடினால், மேலே சொன்ன முழுநாள் கரன்ட்டும் காலி. அதனால், வெயில் காலத்தில் ஏ.சி-க்குப் பேனல் தேடுவதைவிட, வண்டியை நகர்த்துவதே மலிவு என்பது இவர்களின் கணக்கு. ஏப்ரல் வந்தால், 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் போன்ற மலை ஊர்களை நோக்கி வண்டிகள் கிளம்பிவிடும். மேய்ச்சல் தீர்ந்ததும் கிடையை மாற்றுவதுபோலத்தான்.

படுத்திருந்தால் 3... நிமிர்ந்தால் 5!

பாலைவனம் என்றால் வெயிலுக்கா பஞ்சம் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். டிசம்பர் மாதத்தில் இங்கே பகல் பொழுது சுமார் 10 மணி நேரம்தான். குவார்ட்ஸைட் இருப்பது ஏறத்தாழ 34 டிகிரி வட அட்சத்தில். டிசம்பர் கடைசியில், உச்சி வேளையில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்துக்குமேல் ஏறாது. கூரையில் தட்டையாகப் படுத்திருக்கும் பேனல்மீது வெயில் சாய்வாகத்தான் விழும். அப்படிப் பார்த்தால், ஒரு நாளைக்கு சுமார் 3 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான கரன்ட்தான் தேறும். அதே பேனலை, சூரியனைப் பார்த்து தெற்கு நோக்கி நிமிர்த்தி வைத்தால் சுமார் 5 மணி நேரத்துக்கான கரன்ட் கிடைக்கும்.

கணக்கு போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஒயர், கன்ட்ரோலர், பேட்டரி ஆகியவற்றில் நான்கில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்துக்கொண்டால், 2 யூனிட் கைக்கு வர சுமார் 2,670 வாட்-ஹவர் உற்பத்தியாக வேண்டும். பேனலைப் படுக்கவைத்தால் 890 வாட் பேனல் தேவை. நிமிர்த்தினால் 530 வாட் போதும். 360 வாட் பேனல் செய்யும் வேலையை, ஒரு தாங்குகட்டை செய்துவிடுகிறது! அதனால்தான் லா போசாவில் பல வண்டிகளின் கூரையில் பேனல்கள் புத்தகத்தைத் திறந்து வைத்ததுபோல நிமிர்ந்திருக்கின்றன. சிலர், மடக்கும் பேனல்களை வாங்கித் தரையில் வைத்து, சூரியன் நகர நகரத் திருப்பி வைக்கிறார்கள். ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். பாலைக் காற்று திடீரென்று வீசும். நிமிர்த்திய பேனல் பாய்மரம்போல ஆகிவிடும். காற்று அறிகுறி தெரிந்ததும் மடக்கிவிட வேண்டும்.

நிழலும் இதேபோலத்தான். வண்டியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவின் நிழல், பேனலில் ஒரு கை அகலம் விழுந்தாலே உற்பத்தி பெரிதாகச் சரிந்துவிடும். பேனலுக்குள் இருக்கும் செல்கள் சங்கிலிபோல ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருப்பதுதான் காரணம். வாய்க்காலில் ஓரிடத்தில் அடைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது அல்லவா, அதைப்போல.

கிணற்றை வறட்டக் கூடாது!

அடுத்தது பேட்டரி. ஈய-அமில பேட்டரியில் எழுதியிருக்கும் கொள்ளளவில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். அதற்குமேல் தினமும் எடுத்தால் ஆயுள் வேகமாகக் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவிகிதம்வரை தைரியமாக எடுக்கலாம்.

இரண்டு நாள் மேகம் போட்டாலும் தாங்க வேண்டும் என்றால், மேலே சொன்ன வண்டிக்கு 4 யூனிட் சேமிப்பு வேண்டும். ஈய-அமில பேட்டரி என்றால் 12 வோல்ட்டில் சுமார் 670 ஆம்பியர்-ஹவர். எடை சுமார் 200 கிலோ. லித்தியம் என்றால் 400 ஆம்பியர்-ஹவர், 50 கிலோ. வண்டிக்கு எடை முக்கியம் என்பதால், விலை அதிகமாக இருந்தாலும் பலர் லித்தியத்துக்கு மாறிவிட்டார்கள். ஆனால், உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே நிரந்தரமாகச் சேதமாகிவிடும். அதனால் அதை வண்டிக்கு வெளியே வைக்காமல், படுக்கைக்கு அடியில் வைக்கிறார்கள்.

ஈய-அமில பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சூட்சுமம் உண்டு. அந்த பேட்டரி 80 சதவிகிதம்வரை வேகமாக ஏறும். கடைசி 20 சதவிகிதம் ஏறுவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். எனவே, மேகம் போட்ட நாளில் ஜெனரேட்டர் தேவைப்பட்டால், அதைச் சாயங்காலம் ஓட்டுவதில்லை. காலையில் ஒரு மணி நேரம் ஓட்டி அடித்தளத்தை ஏற்றிவிட்டு, மிச்சத்தை நிதானமாக ஏற்றும் வேலையை வெயிலிடம் விட்டுவிடுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டை

எல்லாம் சரியாக இருந்தும் விடிந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது என்ற புகார் முகாமில் அடிக்கடி எழும். பெரும்பாலும் குற்றவாளி இன்வெர்ட்டர்தான். 2,000 வாட் இன்வெர்ட்டர் ஒன்று, எதுவுமே ஓடாமல் சும்மா ஆன் செய்யப்பட்டிருந்தாலும் 20 வாட்வரை விழுங்கும். 24 மணி நேரத்துக்கு 480 வாட்-ஹவர். கிட்டத்தட்ட ஃபிரிட்ஜுக்கு ஆகும் செலவு! மண் வாய்க்காலில் கசிந்துபோகும் தண்ணீர் மாதிரி. அதனால், விளக்கு, விசிறி, பம்ப், மூச்சுக் கருவி எல்லாவற்றையும் நேரடியாக 12 வோல்ட்டில் ஓட்டி, இன்வெர்ட்டரைத் தேவையான நேரத்தில் மட்டும் போடுகிறார்கள்.

இரண்டாவது ஓட்டை, ஒயர். 12 வோல்ட்டில் 1,000 வாட் எடுத்தால் 83 ஆம்பியர் பாயும். மெல்லிய ஒயராக இருந்தால் கரன்ட் சூடாக வீணாவதோடு, தீப்பிடிக்கவும் செய்யும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையில் தடித்த, குட்டையான ஒயர். பேட்டரிக்கு ஒட்டியே ஃபியூஸ். இந்த இரண்டிலும் யாரும் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

ஜனவரியில் நடக்கும் வண்டிக் கண்காட்சியின்போது ஊரில் கூட்டம் அலைமோதும். பேனல், பேட்டரி விற்பவர்கள் கடை விரித்திருப்பார்கள். ஆனால், பழைய ஆட்கள் புதியவர்களிடம் சொல்லும் ஆலோசனை ஒன்றுதான். ஒரு வாரம் இருப்பதை வைத்து ஓட்டு, எது எவ்வளவு இழுக்கிறது என்று எழுதி வை, அதன் பிறகு கடைக்குப் போ.

நம் தோட்டத்துக்கு என்ன பயன்?

இதைப் படிக்கும் விவசாயிகளுக்கு எழக்கூடிய மூன்று கேள்விகளுக்கான பதில்கள் இங்கே...

'மின் இணைப்பு இல்லாத தோட்டத்துக் கொட்டகைக்கு எவ்வளவு பேனல் வேண்டும்?'

7 வாட் பல்புகள் மூன்று 5 மணி நேரம், குறைந்த மின்சாரத்தில் ஓடும் 28 வாட் ஃபேன் 8 மணி நேரம், 8 வாட் கேமரா 24 மணி நேரம், செல்போன் சார்ஜ். எல்லாம் சேர்த்து சுமார் 550 வாட்-ஹவர். அரிசோனாவில் டிசம்பரை வைத்துக் கணக்கு போடுவதுபோல, இங்கே சித்திரை வெயிலை வைத்துக் கணக்கு போடாமல், ஐப்பசி, கார்த்திகை அடைமழையை வைத்துப் போட வேண்டும். 3 மணி நேர வெயில் என்று வைத்துக்கொண்டால் 250 வாட் பேனல் தேவை. இரண்டு நாள் சேமிப்புக்கு 12 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் ஈய-அமில பேட்டரி அல்லது அதில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலான லித்தியம் பேட்டரி.

'பேனலை நாமும் அந்த அளவுக்கு நிமிர்த்த வேண்டுமா?'

தேவையில்லை. திருச்சியில் டிசம்பர் உச்சி வேளையில் சூரியன் சுமார் 56 டிகிரி உயரத்தில் இருக்கும். தெற்கு நோக்கி 10 முதல் 13 டிகிரி சாய்வு போதும். அந்தச் சாய்வு, மழையில் தூசி வழிந்து ஓடுவதற்கும் உதவும். தென்னை நிழல் விழாத இடமா என்று காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பார்த்துவிட்டுத்தான் பொருத்த வேண்டும்.

'இதே முறையில் 5 ஹெச்.பி மோட்டாரை பேட்டரியில் ஓட்டலாமா?'

கட்டுப்படியாகாது. 5 ஹெச்.பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினாலே, இந்த வண்டி வீட்டின் இரண்டு நாள் கரன்ட் தீர்ந்துவிடும். பாசனத்துக்கு பேட்டரியே இல்லாமல் பகலில் நேரடியாக ஓடும் சோலார் பம்ப்தான் சரி. அதற்கு சுமார் 4,800 வாட் பேனல்கள் பொருத்துவார்கள். வெயில் இருக்கும்போது இறைத்து, தொட்டியில் நிரப்பிவைத்துக்கொள்ள வேண்டும். கரன்ட்டைச் சேமிப்பதைவிட தண்ணீரைச் சேமிப்பது மலிவு.

மாலை 6 மணி. லா போசாவில் சூரியன் இறங்கிவிட்டது. நிமிர்ந்திருந்த பேனல்களை ஒவ்வொருவராக மடக்குகிறார்கள். அந்த மூதாட்டியின் திரையில் இப்போது 97 சதவிகிதம். அடுத்த 14 மணி நேரத்துக்கு அதுதான் கையிருப்பு. இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, மூச்சுக் கருவியின் ஒயரை 12 வோல்ட் இணைப்பில் சரியாகச் செருகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் படுக்கப்போகிறார்.